‘எந்த ஊர்?’ என்ற கேள்விக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வாடகை வீடு மாறிக்கொண்டே இருப்பவர்கள் எந்தத் தெருவோடும் ஒட்டுவதில்லை என்று தங்கள் நாளிதழில் அண்மையில் வந்த கட்டுரை சொன்னது உண்மைதான். ஆனால் ஒட்டிக்கொள்ள வீட்டை விட்டால் வேறு இடமே இல்லை என்பதுபோல் அது முடிந்ததால் இதை எழுதுகிறேன்.

1982இல் அன்றைய திருநெல்வேலி மாவட்டத்து நாசரேத்துப் பகுதியிலிருந்து ஃபிட்டர் வேலைக்காக வியாசர்பாடிக்கு வந்தவன் நான். அதன்பின் கொருக்குப்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை என்று ஏழு வீடுகள் மாறிவிட்டேன். தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நிற்கும் வரிசையில்கூடப் புதிதாகக் குடிவந்தவனுக்குக் கடைசி இடம்தான். வந்த புதிதில் இரண்டு ஞாயிறு மட்டுமே தேவாலயத்தில் ஆராதனைக்குப் போயிருந்த நான், மூன்றாம் ஞாயிறு காய்ச்சலில் படுத்துவிட்டேன். அன்று மாலை பாடகர் குழுவைச் சேர்ந்த பெரியவர் ஒருவர், மூன்று தெருக்களில் விசாரித்து என் அறையைக் கண்டுபிடித்து, தூக்குவாளியில் கஞ்சியோடு வந்து நின்றார். என் பெயர்கூட அவருக்குத் தெரியவில்லை; ‘நாசரேத்துத் தம்பி’ என்றுதான் கூப்பிட்டார். இவ்வளவு பெரிய பட்டணத்தில் நான் வராததை ஒருவர் கவனித்திருக்கிறார் என்பதை அன்று இரவு முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

‘பரதேசி’ என்பதை வசைச்சொல்லாக மட்டுமே கேட்டுப் பழகியிருந்த எனக்கு, பைபிளில் எபேசியர் நிருபத்தின் 2ஆம் அதிகாரம், நீங்கள் இனி அந்நியரும் பரதேசிகளும் அல்ல, தேவனுடைய வீட்டார் என்று சொல்வது அதன்பிறகுதான் விளங்கியது. அதற்காகத் திருச்சபை எல்லாருக்கும் எப்போதும் வீடாக இருந்தது என்று சொல்ல வரவில்லை. சாதி பார்த்து உட்காரவைத்த சபைகளும், கல்லறைத் தோட்டத்திலேயே சுவர் எழுப்பிய ஊர்களும் தமிழ்நாட்டில் உண்டு என்பதை மறைத்துவிட்டு இந்தக் கடிதத்தை எழுத எனக்கு மனம் ஒப்பவில்லை.

என் மனைவி 2011இல் காலமானார். ஊருக்குக் கொண்டுபோகலாம் என்று உறவினர்கள் சொன்னபோது, வேண்டாம் என்று காசிமேடு கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தோம். கல்லறைத் திருநாளான நவம்பர் 2ஆம் தேதி ஒவ்வோர் ஆண்டும் பூவும் மெழுகுவர்த்தியும் எடுத்துக்கொண்டு போகிறேன். பக்கத்துக் கல்லறைக்கு வருபவர்கள் எனக்கு முன்னால் வந்துவிட்டால் அங்கேயும் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவைத்திருப்பார்கள். ‘எந்த ஊர்?’ என்று யாராவது கேட்டால், அதற்கு முன்புவரை நாசரேத்து என்றே சொல்லிவந்த நான், இப்போது தண்டையார்பேட்டை என்கிறேன்.

இன்று மணலி, எண்ணூர்ப் பக்கம் வேலைக்கு வரும் ஜார்க்கண்ட், ஒடிசா இளைஞர்களிலும் கிறிஸ்தவர்கள் பலர் உண்டு. எங்கள் ஆலயத்தில் நான்கைந்து பேர் கடைசி வரிசையில் அமர்ந்து, தமிழ்ப் பிரசங்கம் புரியாமல், ஆசீர்வாதம் முடிந்ததும் வெளியேறிவிடுகிறார்கள். மாதம் ஒரு ஞாயிறு மாலையாவது அவர்கள் மொழியில் ஒரு ஜெபக்கூட்டம் நடத்தவேண்டும் என்று எங்கள் சபைக் கமிட்டிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். வட சென்னையின் மற்ற சபைகளும் இதைப்பற்றி யோசிக்கவேண்டும். கூட்டம் தொடங்கும்வரை அவர்களில் யாராவது ஒரு ஞாயிறு வராவிட்டால் விசாரித்துப் போவதற்கு மொழி தேவையில்லை. தூக்குவாளி என் வீட்டில் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொழிலாளி ஒருவர்,
தண்டையார்பேட்டை, சென்னை – 81.