காணாமல் போன வியாழக்கிழமையும் கரையாத ஆடும்

மஞ்சக்குப்பம் டீக்கடைப் பெஞ்சுக்காரர்களுக்கும், ஆல்பேட்டையில் எங்கள் தெருக்காரர்களுக்கும், பாண்டிச்சேரியில் எனக்காக அலைந்தவர்களுக்கும் வணக்கம்.

என் கார்ட்டூன் கண்காட்சி முடிந்தது. கயிற்றை அவிழ்த்துச் சுருட்டி, துணி கிளிப்புகளை எண்ணி, அவரவர் வீட்டில் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஆறு குறைகிறது. யார் வீட்டுக் கணக்கில் குறைகிறதோ சொல்லுங்கள், வாங்கித் தந்துவிடுகிறேன். மற்ற கடனுக்குத்தான் இந்த மடல்.

நன்றி சொல்கிறவர்கள் வழக்கமாக ‘என்னை ஊக்கப்படுத்திய’ என்று ஆரம்பிப்பார்கள். உங்களில் யாரும் என்னை ஊக்கப்படுத்தியதாக எனக்கு ஞாபகம் இல்லை. ‘இதுல ஜோக்கு எங்கப்பா இருக்கு?’ என்று கேட்டவர்கள்தான் அதிகம். அப்படிக் கேட்டவர்களை அன்றைக்கு மனசுக்குள் திட்டியிருக்கிறேன். அதற்கும் சேர்த்து இப்போது மன்னிப்பு.

பகலில் நான் பாண்டிச்சேரியில் ஒரு ஹார்டுவேர் கடையில் கணக்கு எழுதுகிறவன். கார்ட்டூன் எல்லாம் பஸ்ஸில் போக வர மடியில் அட்டை வைத்துப் போடுவது. 2023 ஆடி மாதம், நூறு நாள் நூறு படம் போடுவதென்று ஒரு வீம்பு வந்தது. போட்டதை எங்கே மாட்டுவது? டீக்கடை அண்ணன், வாரப் பத்திரிகைகள் தொங்கும் கம்பியில் ஒரு ஓரம் ஒதுக்கிக் கொடுத்தார். வாடகை கேட்கவில்லை. “கூட்டம் நின்னா இருக்கட்டும். நிக்கலன்னா கழட்டிடுவேன்” என்பது மட்டும்தான் ஒப்பந்தம்.

முதல் நாள் ரேஷன் கடை வரிசையைப் பற்றி ஒரு படம். நான் தள்ளி நின்று யார் சிரிக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வடை போடும் அக்கா சட்டியிலிருந்து கண்ணெடுத்து ஒரு தடவை பார்த்தார். “இதுல யாரு மொதல்ல பேசறது?” என்றார். நானும் திரும்பிப் பார்த்தேன். கேள்வி கேட்கும் பெரியம்மாவை வலது பக்கமும் பதில் சொல்லும் கடைக்காரரை இடது பக்கமும் நிறுத்தியிருக்கிறேன். தமிழை இடமிருந்துதானே படிக்கிறோம்? பதில் முன்னால் வந்து, கேள்வி பின்னால் வந்து, வெடிக்கு முன்னாலேயே புகை வந்துவிட்டது. முதலில் பேசுகிறவர் இடப்பக்கம், முத்தாய்ப்பு வலப்பக்கம், பலூன் வால் ஒன்றையொன்று வெட்டக் கூடாது. இதை நான் எந்த ஓவியப் பள்ளியிலும் படிக்கவில்லை. எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் படித்தேன். அக்கா, மிச்சம் தொண்ணூற்றொன்பது நாளும் நீங்கள் தலையாட்டிய பிறகுதான் கிளிப்பை மாட்டினேன். உங்களுக்குத் தெரிந்திருக்காது.

அடுத்து தமிழய்யா. ஓய்வு பெற்றவர், ஆனால் சிவப்பு மைப் பேனாவுக்கு ஓய்வு கொடுக்காதவர். கம்பியில் தொங்கும் படத்தில் ஒற்று விட்டுப்போன இடங்களை அங்கேயே நின்று திருத்துவார். ஒரு நாள் என் படத்தின் கீழே மூன்று வரி வசனம் இருந்ததைப் பார்த்துவிட்டு, பெஞ்சில் இடம் கொடுத்து உட்கார வைத்தார். பாரதியார் ‘இந்தியா’ பத்திரிகையில் கருத்துப்படம் போட்டதையும், 1908-இல் அந்தப் பத்திரிகை பாண்டிச்சேரிக்கு வந்த பிறகும் படம் தொடர்ந்ததையும் சொன்னார். படம் ஒரு பக்கம், அதற்கு விளக்கம் இன்னொரு பக்கம் என்று பாரதியார் எழுதியிருக்கிறார். “அன்னைக்கு வாசகனுக்குக் கார்ட்டூனே புதுசு. விளக்கம் தேவைப்பட்டுது. நூறு வருஷம் கழிச்சு உனக்கு எதுக்குடா மூணு வரி?” என்று கேட்டுவிட்டு டீயை ஆற்றினார். கொஞ்ச நேரம் கழித்து, “புதுமைப்பித்தன் பொறந்தது நம்ம திருப்பாதிரிப்புலியூர்ல. அந்த ஊர்ல இருந்துக்கிட்டு இவ்வளவு சுத்தி வளைச்சா கேலி பண்றது?” என்று இன்னொன்று வைத்தார். அன்று இரவு இரண்டு வரியை அடித்தேன். மறுநாள் மிச்சமிருந்த ஒன்றையும் அடித்தேன். படம் முதல் தடவையாக நிமிர்ந்து நின்றது.

இன்னொருவர் பெரியவர். பெயர் போட்டால் கோபித்துக்கொள்வார், பெரியவர் என்றாலே பெஞ்சில் எல்லாருக்கும் தெரியும். தினமும் காலை ஆறேகாலுக்கு வருவார், சர்க்கரை இல்லாத டீ, பேப்பர், பிறகு என் படம். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படத்துக்கு ஒரு சாண் பக்கத்தில் முகத்தை வைத்துப் பார்ப்பார். சிரிக்க மாட்டார். நாற்பது நாள் இப்படி. ஒரு கட்டத்தில் மற்ற யார் சிரிப்பும் எனக்குக் காதில் விழவில்லை. நாற்பத்தோராம் நாள் சிரித்தார்! ஓடிப் போய்ப் பார்த்தால், அவர் விரல் படத்தின் மூலையில் இருக்கிறது. வெற்றிடம் அசிங்கமாக இருக்கிறதே என்று அங்கே ஒரு ஆடு போட்டு, சுவரில் ஒட்டிய போஸ்டரைத் தின்ன விட்டிருந்தேன். “தலைவர் மூக்கு வரைக்கும் தின்னுடுச்சு பாரு” என்றார். நடுவில் நான் ராத்திரி பதினொரு மணி வரை விழித்து யோசித்த ஜோக்கை அவர் பார்த்ததாகவே தெரியவில்லை.

சரி, ஆடுதான் என் விதி என்று ஏற்றுக்கொண்டேன். மறுநாள் முதல் எல்லாப் படத்திலும் ஒரு ஆடு. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற வழியில் ‘ஆடு எங்க, ஆடு எங்க’ என்று தேட ஆரம்பித்தார்கள். பழைய நாற்பது படத்தையும் வீட்டுக்கு எடுத்துப் போய், ஒவ்வொன்றிலும் தொட்டெழுதும் பேனாவால் ஒரு ஆட்டைச் சேர்த்தேன். வேண்டாத வேலை என்று அம்மா திட்டினார். இந்த வேண்டாத வேலை பின்னால் வரும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆல்பேட்டை செக்போஸ்டில் ஒரு இரவு என்னை நிறுத்திய காவலருக்கும் நன்றி உண்டு. பாண்டிச்சேரிப் பக்கமிருந்து வருகிறவன் கையில் நீளமாக ஒரு பிளாஸ்டிக் குழாய் இருந்தால் யாருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும். திறந்து காட்டச் சொன்னார். உள்ளே பாட்டில் இல்லை, சுருட்டிய படங்கள். ஒவ்வொன்றாக டார்ச் அடித்துப் பார்த்தார். கடலூர் பஸ் ஸ்டாண்டில் தொப்பையோடு நிற்கும் போலீஸ்காரர் படம் வந்ததும் எனக்கு அடிவயிறு கலங்கியது. ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “சிவப்புத் தொப்பி பாண்டிச்சேரி போலீஸுக்குத் தம்பி. கடலூர்ல அது எல்லை தாண்டுன கேஸு” என்று சொல்லி அனுப்பிவிட்டார். தொப்பியைத் திருத்தினேன். தொப்பையைப் பற்றி அவர் எதுவும் சொல்லாததால் அப்படியே விட்டுவிட்டேன்.

அப்புறம் காலண்டர். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் தெருவுக்கே தெரிந்த கதை. 2024-க்கு மேசைக் காலண்டர் போடலாம் என்று பன்னிரண்டு படம் தேர்ந்தெடுத்து, தேதிகளையும் கையாலேயே எழுதினேன். அச்சகத்தில் சொல்லியும் பார்த்தார்கள், “தேதியை நாங்க கம்ப்யூட்டர்ல போட்டுடறோம் சார்” என்று. கையெழுத்தில்தான் அழகு என்று நான் கேட்கவில்லை. முந்நூறு பிரதி அடித்து வந்தது. முதல் பிரதி எதிர்வீட்டு அத்தைக்கு. அத்தை சாயிபாபாவுக்கு ஒன்பது வார வியாழக்கிழமை விரதம் ஆரம்பிக்க இருந்தவர். ஜனவரி 4-இல் தொடங்கி ஒவ்வொரு வியாழனாகப் பென்சிலில் சுழித்துக்கொண்டே வந்திருக்கிறார். அன்று சாயந்திரம் வாசலில் வந்து நின்றார்.

“தம்பி, எட்டு வாரம் சரியா இருக்கு. ஒன்பதாவது வாரத்தைக் காணோமே?”

புரட்டிப் பார்த்தேன். பிப்ரவரி 28 புதன்கிழமையோடு முடிகிறது. மார்ச் 1 வெள்ளிக்கிழமை பிறக்கிறது. நடுவில் ஒரு முழு வியாழக்கிழமையைக் காணோம். லீப் வருஷம்! அத்தையின் விரதம் முடிய வேண்டிய 29-ஆம் தேதியை நான் உலகத்திலிருந்தே எடுத்துவிட்டிருக்கிறேன்.

அச்சக அண்ணனுக்குப் போன் போட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, வேறு வேலையில் மிஞ்சிய ஸ்டிக்கர் தாளில் முந்நூற்றைம்பது ‘29’ அடித்து, பைசா வாங்காமல் அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை எங்கள் கூடத்தில் பாய் விரித்து தெருவே உட்கார்ந்தது. கத்தரிக்கிறவர்கள் ஒரு வரிசை, உரிக்கிறவர்கள் ஒரு வரிசை, ஒட்டுகிறவர்கள் ஒரு வரிசை. சுண்டு விரல் நகம் அளவு துண்டு அது, விரலோடு ஒட்டிக்கொண்டு வரும், ஊதினால் பறக்கும். அத்தை சுண்டல் செய்து கொண்டுவந்தார். நான்காம் வகுப்புப் படிக்கும் ஒரு வாண்டு பதினோரு பிரதியில் தலைகீழாக ஒட்டிவிட்டான். 29-ஐத் தலைகீழாக ஒட்டினால் 62. அந்தப் பிரதி ஒன்று எங்கள் கடைக் குமாஸ்தாவிடம் போய்ச் சேர்ந்தது. மாற்றித் தருகிறேன் என்றேன், தரமாட்டேன் என்றுவிட்டார். “நமக்குச் சம்பளம் வர்ற தேதி இதுதான்யா” என்கிறார்.

காலண்டர் விற்ற பணத்தில்தான் கண்காட்சி யோசனை வந்தது. லாஸ்பேட்டையில் ஒரு டியூஷன் சென்டர் நடத்தும் அக்கா, 2024 டிசம்பர் முதல் வாரக் கடைசியில் இரண்டு அறை தருவதாகச் சொன்னார். நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் பாண்டிச்சேரிப் பக்கம் கரை கடந்தது. ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அன்றைக்கு எங்கள் வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. புயல்தான் போய்விட்டதே என்று படப்பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலேயே விட்டுவிட்டேன். டிசம்பர் 2 விடிகாலை சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் புரண்டு வந்தது. எழுந்து காலை வைத்தால் செருப்பு மிதக்கிறது.

பைபர் படகோடு வந்த தேவனாம்பட்டினம் தம்பிகளுக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. முதல் நடையில் அம்மாவையும் பக்கத்து வீட்டுக் குழந்தைகளையும் கொண்டுபோனார்கள். இரண்டாம் நடையில் நான் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நின்றேன். “இன்னாண்ணா, நகையா?” என்றான் ஒருவன். படம் என்றேன். ஒரு நொடி என்னைப் பார்த்தான். ஒன்றும் சொல்லாமல் பெட்டியை வாங்கி படகின் முன்பக்கம் தார்ப்பாய்க்கு அடியில் வைத்தான். அந்தத் தண்ணீரில் அது வைக்கத் தகுந்த சாமான் இல்லை. எனக்கும் தெரியும்.

திறந்தபோது தாள்கள் அப்பளமாவு மாதிரி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. இழுக்கப் போன என் கையைத் தட்டிவிட்டவர் பைண்டிங் கடை அண்ணன். வெயிலில் போடாதே, நெளிந்துவிடும், பழைய பேப்பரை நடுவில் வைக்காதே, அச்சு மை ஏறும் என்று சொல்லி, அச்சடிக்காத வெள்ளைத் தாள் ஒரு கட்டு கொடுத்தார். இடையிடையே வைத்து, நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை மாற்றி, மேலே பலகை, பலகை மேல் அம்மிக்குழவி. ஐந்து நாள். கடைசியில் இஸ்திரி வண்டி மாமா. பழைய வேட்டித் துணியை மேலே போட்டு, பெட்டியின் சூட்டைக் கன்னத்துப் பக்கம் வைத்துப் பார்த்து, கரியைப் பாதியாகக் குறைத்து, ஒவ்வொரு தாளாகத் தேய்த்தார். பட்டுப்புடவை மாதிரிதான் தேய்த்தார். பீஸுக்கு எவ்வளவு என்றதற்கு, “சிரிப்பு வந்த படத்துக்கு மட்டும் குடு” என்றார். பதினாலு படத்துக்குத்தான் வாங்கிக்கொண்டார். என்ன செய்ய, தொழில் நேர்மை.

இந்தியன் இங்க்கில் கரியோடு அரக்கும் சேர்ந்திருக்கும், ஒரு தடவை காய்ந்தால் தண்ணீருக்கு அசையாது. பேனா மை வெறும் சாயம், கரைந்து போகும். பஸ்ஸில் சோம்பேறித்தனமாகப் பேனா மையில் போட்ட படங்கள் இருபத்துமூன்று போய்விட்டன. அதில் ஒன்று, தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு காத்திருக்கும் கூட்டம். லாரி, குடம், கூட்டம், வசனம் எல்லாம் கலைந்து ஒரு வெளிர்நீலக் கறையாகிவிட்டது. மூலையில் பிறகு இந்தியன் இங்க்கில் சேர்த்த ஆடு மட்டும் கரையாமல் நின்று மென்றுகொண்டிருந்தது.

பொங்கல் கழிந்த சனி ஞாயிறு லாஸ்பேட்டையில் கண்காட்சி நடந்தது. சட்டம் போடக் காசில்லை, கொடி கட்டி உங்கள் வீட்டுக் கிளிப்பில்தான் தொங்கவிட்டேன். அந்த நீலத் தாளையும் கடைசியில் மாட்டினேன். ஞாயிறு மத்தியானம் பெரியவர் தனியாகப் பஸ் ஏறி வந்தார். எல்லாப் படத்தையும் பார்த்துக்கொண்டே வந்தவர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அங்கே நின்றார்.

“மத்தவங்களை எல்லாம் ஆடு தின்னுடுச்சா?”

கேட்டுவிட்டு அவரே சிரித்தார். எனக்குத் தெரிந்து இரண்டாவது தடவை. பிறகு என்னைக் கேட்காமலேயே அந்தத் தாளைக் கொடியிலிருந்து எடுத்து, மடங்காமல் பேப்பருக்குள் வைத்து, பஸ்ஸுக்குப் போய்விட்டார். கிளிப்பையும் சேர்த்துத்தான். ஆக, குறைகிற ஆறில் ஒன்று அங்கே இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் கார்ட்டூன்காரன்,
ஆல்பேட்டை, கடலூர்.