தம்பிக்கு இது பதினோராவது மாதம்

செவ்வாய்ப்பேட்டை,
சேலம்

அன்புள்ள பாப்பு,

நாலு தடவை கூப்பிட்டாய், நான் எடுக்கவே இல்லை. கோபித்துக்கொள்ளாதே. போனில் பேசினால் பாதியில் அழுதுவிடுவேன். தம்பியோ பக்கத்து அறையில் இருக்கிறான். அதனால்தான் எழுதுகிறேன். அம்மா நன்றாக இருக்கிறார். சின்னவள் பத்தாம் வகுப்பு. உன் மாமியாரின் முட்டி ஆபரேஷன் முடிந்ததா? இனி மாடிப்படி ஏறி வந்தே உன்னைத் திட்டுவார், தயாராக இரு.

"தம்பிக்குச் சரியாகிவிட்டதாமே" என்று கேட்டிருந்தாய். எல்லோரும் அப்படித்தான் கேட்கிறார்கள். நடக்கிறான், சாப்பிடுகிறான், தலையில் முடியும் வளர்ந்து தழும்பை மூடிவிட்டது. பார்க்கிறவர்களுக்கு அவ்வளவுதான் தெரியும்.

போன ஐப்பசி மழையில் ஏற்காட்டிலிருந்து இறங்கி வந்தான். 20 கொண்டை ஊசி வளைவில் முக்கால்வாசி தாண்டிய பிறகு பைக்கோடு விழுந்துவிட்டான். ஹெல்மெட் போட்டிருந்தான், பட்டையை மாட்டவில்லை. 108 வந்து தூக்கிப்போனது. கண் திறக்கிறானா, பேசுகிறானா, கை கால் அசைக்கிறானா என்று பார்த்து மார்க் போடுவார்கள், 3 முதல் 15 வரை. 8, அதற்குக் கீழே என்றால் ரொம்ப மோசம். இவனுக்கு 7. இடது பக்கம் மண்டை ஓட்டில் ஒரு துண்டை எடுத்து, உள்ளே கட்டியிருந்த ரத்தத்தை வெளியேற்றி, அந்த எலும்பை அவன் வயிற்றுத் தோலுக்கடியிலேயே வைத்துத் தைத்தார்கள். மூளை வீக்கம் வடிந்த பிறகு திரும்ப வைக்க வேண்டுமாம், அதுவரை கெடாமல் இருக்க உடம்பே பத்திரமான இடமாம். மாசியில்தான் திரும்ப வைத்தார்கள். நாலு மாதமும் வீட்டுக்குள் நடக்கக்கூட ஹெல்மெட். அந்தப் பட்டையை தினமும் அம்மாதான் மாட்டிவிடுவார்.

விபத்தில் அடிபட்டவர்களுக்கு முதல் 48 மணி நேரச் செலவை அரசே ஏற்கிற திட்டம் இருக்கிறதே, 'நம்மைக் காக்கும் 48', அது இல்லாவிட்டால் அந்த இரண்டு நாளிலேயே நாங்கள் முடிந்திருப்போம். உயிரைக் காப்பாற்றியவர்களை நான் மறக்க மாட்டேன். ஆனால் 23 நாள் கழித்து வீட்டுக்கு அனுப்பியபோது கையில் கொடுத்தது மாத்திரைச் சீட்டு மட்டும்தான். இனிமேல்தான் பயிற்சி தொடங்க வேண்டும், அதற்கு இன்னாரிடம் போ என்று ஒருவரும் சொல்லவில்லை பாப்பு. "போகப் போகச் சரியாகும்" என்றார்கள். நானும் நம்பினேன். முதல் ஆறு மாதத்தில்தான் மூளை வேகமாகத் தேறும் என்று பிறகுதான் தெரிந்தது. அதில் ஐந்து மாதத்தை நாங்கள் வெறும் கஞ்சி ஊட்டியே கழித்துவிட்டோம். இதை நினைத்தால் இன்றைக்கும் தூக்கம் வருவதில்லை.

அந்த ஐந்து மாதத்தில் நடந்ததைக் கேள். குளி என்று சொல்லாவிட்டால் சாயங்காலம் வரை அப்படியே உட்கார்ந்திருப்பான். பெரியப்பா "சோம்பேறியாகிவிட்டான்" என்றார். சீப்பைக் கேட்க நினைத்துச் சாவி என்பான். நாலு பேர் சேர்ந்து பேசினால், டிவியும் ஓடினால், திடீரென்று கத்துவான். ஒரு நாள் அம்மா மேல் சொம்பை எறிந்துவிட்டான். அம்மாவைப் பார்த்துக் குரலே உயர்த்தாத பையன், உனக்குத் தெரியுமே. உறவுக்காரர்கள் மந்திரிக்கச் சொன்னார்கள். இன்னொருவர் எங்கேயோ ஸ்டெம் செல் என்று குருத்தணு ஊசி போடுகிறார்கள், 4 லட்சம் என்றார். நான் தாலிக்கொடியை அடகு வைக்கக் கிளம்பிவிட்டேன்.

அதற்குள் பக்கத்துத் தெரு நர்ஸ் அக்கா பிடித்து உலுக்கி, வேலூர் சி.எம்.சி.க்குப் போ என்றார். பாகாயத்தில் அவர்களுடைய மறுவாழ்வு மையம் இருக்கிறது. காட்பாடியில் இறங்கிப் போனோம். 1954இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்து, சக்கர நாற்காலியில் இருந்தபடியே ஆபரேஷன் செய்த டாக்டர் மேரி வர்கீஸின் முயற்சியால் 1966இல் வந்த இடம் அது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அந்த அம்மாவை நினைத்துக்கொண்டே இருந்தேன்.

அங்கேதான் ஒரு டாக்டர் காகிதத்தில் படம் போட்டு விளக்கினார். நெற்றிக்குப் பின்னால் இருக்கிற மூளைதான் வண்டியின் பிரேக்காம், ஸ்டார்ட்டரும் அதுவேதானாம். இரண்டும் அடிபட்டிருக்கிறது. கத்துவதும் சும்மா உட்கார்ந்திருப்பதும் குணமல்ல, காயம். அம்மா அதைக் கேட்டு அங்கேயே அழுதார். ஸ்டெம் செல் பற்றிக் கேட்டேன். இந்த நோய்க்கு அது அங்கீகரிக்கப்பட்ட வைத்தியம் இல்லை, ஆராய்ச்சியில் மட்டும்தான் கொடுக்கலாம், அதற்கும் நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது என்றார். தாலிக்கொடி கழுத்திலேயே இருக்கிறது.

கைப் பயிற்சி கொடுக்கிற பெண் முதலில் கேட்டது "என்ன தொழில்?" என்றுதான். வெள்ளிக் கொலுசு செய்வது என்றதும் பயிற்சிக்கு அதையே எடுத்துக்கொண்டார். சலங்கை முத்துகளை அளவு வாரியாகப் பிரிப்பது, எண்ணுவது, கம்பியில் கோப்பது. வலது கை விரல்கள் முதலில் பிடிக்கவே இல்லை. இப்போது ஒரு உட்காரலில் நாற்பது முத்து கோக்கிறான். நெருப்பில் கொலுசைப் பற்றவைக்கிற வேலை மட்டும் கூடாது. வலிப்பு வந்தால் நெருப்பருகே ஆபத்து. இன்னொன்று, அவனுக்கு வாசனையே தெரிவதில்லை. தலையில் அடிபட்டவர்கள் பலருக்கு மூக்கின் நரம்பு அறுந்துபோகுமாம். கேஸ் கசிந்தாலும் தெரியாது என்பதால் அலாரம் ஒன்று வாங்கி மாட்டியிருக்கிறேன். தட்டுவடை செட்டைக் கொடுத்தால் காகிதம் மாதிரி இருக்கிறது என்கிறான். கார சட்னி இரண்டு பங்கு வைத்தால்தான் சாப்பிடுகிறான்.

இப்போது வாரம் ஒரு முறை அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்து பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருகிறார். பேச்சுப் பயிற்சிக்கு இங்கே ஆள் தேடி மூன்று வாரம் அலைந்தேன், கடைசியில் வீடியோவில் கிடைத்தார். சுவரில் பலகை மாட்டி அன்றைய வேலையை எழுதுகிறோம், போனில் அலாரம் அடித்தால் அவனே போய்க் குளிக்கிறான். மதியம் கட்டாயம் தூக்கம். வீட்டில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச வேண்டும், டிவி கிடையாது. சொம்பு எறிந்து நாலு மாதமாகிறது. போன வாரம் அம்மாவிடம் தானாகவே "காபி போடட்டுமா?" என்றான். யாரும் சொல்லாமல் அவனாக ஒரு வேலையைத் தொடங்கியது அதுதான் முதல் தடவை. காபியில் சர்க்கரைக்குப் பதில் உப்பு. அம்மா முழுதும் குடித்தார்.

சரி, நீ வா. நேரே பார்த்தால் உனக்குப் புரியும். காலை பதினோரு மணிக்குள் வா, அதற்குப் பிறகு களைத்துவிடுவான். அவரையும் பிள்ளைகளையும் அடுத்த முறை கூட்டி வா. "என்னைத் தெரியுதா?" என்று மட்டும் கேட்காதே. எல்லோரும் கேட்டுக் கேட்டுப் பரீட்சை மாதிரி பயப்படுகிறான். நான்தான் பாப்பு என்று நீயே சொல்லிவிட்டு உட்கார். அவன் சொல் தேடினால் எடுத்துக் கொடுக்காதே, கொஞ்சம் காத்திரு. பேச்சுப் பயிற்சிக்குத் தெரிந்த ஆட்களும் இடங்களும் இருக்கிற பழைய படங்கள் வேண்டுமாம். நாம் மூவரும் ஏற்காடு லேடீஸ் சீட் மலைமுனையில் நனைந்துகொண்டு நிற்கிற படம் உன் ஆல்பத்தில்தானே இருக்கிறது? அதைக் கொண்டு வா.

உன்,
மணி