உன் ரெஸ்யூமேயை மென்பொருள் எப்படி வாசிக்கிறது

அன்பு நண்பா,

இங்கு அனைவரும் நலம். உன் கடிதமும் அதனுடன் நீ இணைத்திருந்த ரெஸ்யூமேயும் கிடைத்தன. திட்டம் முடிந்த கையோடு உங்கள் பிரிவையே கலைத்துவிட்டார்கள் என்று படித்தபோது வருத்தமாக இருந்தது. அழுத்தக் கலன்களும் குழாய் அமைப்புகளுமாக இத்தனை ஆண்டுகள் உழைத்த உனக்கு, அனுப்பிய விண்ணப்பங்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு வரிப் பதில்கூட வரவில்லை என்பதை ஏற்க மனம் ஒப்பவில்லை. என் பக்கத்துச் செய்தி என்னவென்றால், எங்கள் பிரிவுக்கு ஆள் எடுக்கும் குழுவில் என்னையும் சேர்த்திருக்கிறார்கள். அதனால், நீ எந்த மென்பொருளுக்குள் ரெஸ்யூமேயை அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறாயோ, அத்தகைய ஒன்றை மறுபக்கத்திலிருந்து பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்திருக்கிறது. நீ கேட்ட கேள்விகளுக்கு அங்கே பார்த்ததைக் கொண்டே விடை எழுதுகிறேன்.

நூற்றுக்கு 75 ரெஸ்யூமேக்களை மனிதர் கண்ணில் படுவதற்கு முன்பே மென்பொருள் நிராகரித்துவிடுகிறதாமே என்று கேட்டிருந்தாய். அந்த எண்ணை நானும் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். சொல்பவர்கள் யாரும் அதற்கு ஆதாரமாக ஓர் ஆய்வைக் காட்டுவதில்லை. வொர்க்டே, கிரீன்ஹவுஸ், ஐசிம்ஸ், ஆரக்கிள் நிறுவனம் 2012இல் வாங்கிய டேலியோ ஆகிய ஆள்சேர்ப்பு மென்பொருள்கள் எல்லாம் அடிப்படையில் விண்ணப்பங்களைப் பதிந்து வைக்கும் பேரேடுகளே. கோப்பிலிருந்து எழுத்தை உருவி எடுத்து, பெயர், பணியாற்றிய நிறுவனம், பதவி, தேதிகள், பட்டம் என்று கட்டம் கட்டமாக நிரப்பிச் சேமிக்கின்றன. தானாக நிராகரிக்கும் வேலை பெரும்பாலும் ரெஸ்யூமேயில் நடப்பதில்லை. விண்ணப்பப் படிவத்தில் வரும் கேள்விகளில் நடக்கிறது. அந்த நாட்டில் வேலை செய்ய அனுமதி உண்டா, குறைந்தபட்ச அனுபவம் உண்டா, குறிப்பிட்ட உரிமம் உண்டா என்ற கேள்விகளில் ஒன்றுக்கு ‘இல்லை’ என்று குறித்துவிட்டால், உன் ரெஸ்யூமேயை யாரும் திறக்காமலே போகலாம். நீ இரவு வெகுநேரம் கழித்து அவசரமாக நிரப்புவதாக எழுதியிருந்தாய். அந்தப் பகுதியை நிதானமாக இருக்கும் நேரத்தில் நிரப்பு.

படிவத்தைத் தாண்டியவர்கள் குவியலாகக் கிடப்பார்கள். எச்.ஆர். பிரிவில் இருப்பவர் தேடல் பெட்டியில் இரண்டு மூன்று சொற்களை இட்டுத் தேடுகிறார். சில இடங்களில் மென்பொருளே பொருத்தத்தை அளந்து வரிசைப்படுத்துகிறது. உன்னை யாரும் வேண்டாம் என்று சொல்லியிருக்க மாட்டார்கள், நண்பா. தேடியபோது நீ அகப்படவில்லை, அவ்வளவுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலும் அக்சென்ச்சரும் சேர்ந்து 2021இல் வெளியிட்ட ஆய்வறிக்கையில், உயர்திறன் கொண்ட தகுதியானவர்கள், அறிவிப்பிலுள்ள நிபந்தனைகளோடு அச்சாகப் பொருந்தாத ஒரே காரணத்தால் கழிக்கப்படுகிறார்கள் என்பதைக் கருத்துக் கேட்கப்பட்ட நிறுவனங்களில் 88 சதவீதம் ஒப்புக்கொண்டிருந்தன. ஆள் தேவைப்படுபவர்களே இப்படிச் சொல்லும்போது, உன் திறமையைப் பற்றி நீ ஐயம் கொள்வதில் பொருளில்லை.

இனி உன் கோப்புக்கு வருகிறேன். அந்தப் பிடிஎஃப்பைத் திறந்து, எழுத்து முழுவதையும் நகலெடுத்து, நோட்பேடில் ஒட்டிப் பார்த்தேன். இடப்பக்கப் பட்டையில் நீ வைத்திருந்த திறன்களும் வலப்பக்கத்துப் பணி விவரமும் வரிக்கு வரி பின்னிக்கொண்டு வந்தன. ‘சீசர் 2’ என்ற மென்பொருளின் பெயரை அடுத்து ‘முதுநிலைப் பொறியாளர்’ என்று வருகிறது; அதன்பின் ‘ஆட்டோகேட்’; அதன்பின் அந்தப் பதவியின் தேதி. பிடிஎஃப் என்பது தாளில் எந்த எழுத்து எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதைப் பதிந்துவைக்கும் வடிவம். எதை முதலில் வாசித்து எதைப் பின்னர் வாசிப்பது என்ற வரிசை அதில் இருந்தே தீர வேண்டும் என்பதில்லை. உருவி எடுக்கும் நிரல் வரிசையை ஊகிக்கிறது. இரண்டு பத்திகள் பக்கம் பக்கமாக நின்றால் அந்த ஊகம் தவறிப்போகிறது. விளைவு, எந்த நிறுவனத்தில் எந்தப் பதவியில் எத்தனை ஆண்டுகள் இருந்தாய் என்ற கணக்கே மென்பொருளுக்குள் குழம்பிவிடுகிறது.

இன்னொரு கோளாறு கண்ணுக்கே தெரியாதது. ‘ஃபைனைட் எலிமென்ட் அனாலிசிஸ்’ என்று ஆங்கிலத்தில் எழுதும்போது முதல் சொல்லின் தொடக்கத்திலுள்ள எஃப், ஐ ஆகிய இரண்டு எழுத்துகளையும் உன் எழுத்துரு ஒட்டி ஒரே வடிவமாக்கியிருக்கிறது. அந்த ஒட்டு வடிவம் எந்த யூனிகோடு எழுத்தைக் குறிக்கிறது என்ற அட்டவணை கோப்புக்குள் சரியாக இல்லாததால், நோட்பேடில் அந்தச் சொல் தலையிழந்து வந்தது. பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த கடிதத்தை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்து திகைத்த அனுபவம் நம் தலைமுறைக்கு உண்டு அல்லவா? திரையில் தமிழாகத் தெரிந்தது கோப்புக்குள் ஆங்கில எழுத்துகளாகவே இருந்தது. இங்கும் அதேதான் நடந்திருக்கிறது. அந்தச் சொல்லைத் தேடுபவருக்கு நீ கிடைக்க மாட்டாய்.

உன் வேர்டு கோப்பில் தொலைபேசி எண்ணையும் மின்னஞ்சலையும் பக்கத்தின் தலைப்புப் பகுதியில் வைத்திருக்கிறாய். வேர்டு கோப்பில் தலைப்புப் பகுதி உடல் பகுதியிலிருந்து தனியாகச் சேமிக்கப்படுகிறது. உடலை மட்டும் வாசிக்கும் நிரல்கள் உண்டு. அவற்றை முதல் பக்கத்தில், பெயருக்குக் கீழே, சாதாரண வரியாக இறக்கிவிடு. அழுத்தக் கலன் வடிவமைப்பு மென்பொருளான பிவி எலைட்டுக்கு ஐந்தில் நான்கு புள்ளிகள் என்று நீ வரைந்திருக்கும் படத்தை எடுத்துவிடு. மென்பொருளுக்கு அது வெற்றிடம். படிக்கும் பொறியாளருக்கும் ஐந்தில் நான்கு என்றால் என்ன திறமை என்று விளங்காது. மற்றபடி பக்கத்தை இடம் வலமாகப் பிரிக்காத ஒரே பத்தி, அனுபவம், கல்வி, திறன்கள் என்ற வழக்கமான தலைப்புகள், எல்லா இடத்திலும் ஒரே மாதிரியான மாதம், ஆண்டு, இவ்வளவு போதும். அட்டவணையும் எழுத்துப் பெட்டியும் வேண்டாம். திருத்தி முடித்ததும் மறுபடி நோட்பேடில் ஒட்டி, மேலிருந்து கீழாக வாசித்துப் பார். அங்கே ஒழுங்காக இருந்தால் பெரும்பாலான மென்பொருள்களுக்கு அது போதுமானது.

அதைவிட முக்கியமானது சொற்களின் தேர்வு. நம் துறையில் ஒரே பொருளுக்குப் பல எழுத்து வழக்குகள் இருப்பதை நாம் கவனிப்பதேயில்லை. குழாய், கருவி வரைபடத்தை எடுத்துக்கொள். ‘பி அண்டு ஐடி’ என்று நடுவில் ‘&’ குறியோடு எழுதுபவர்கள் உண்டு. குறியை விட்டுவிட்டு மூன்று எழுத்தாக எழுதுபவர்களும் உண்டு. நீ மூன்று எழுத்தாக எழுதியிருக்கிறாய். அந்த மூன்று எழுத்தும் கட்டுப்பாட்டுப் பொறியியலில் வேறொரு பொருள் தரும் என்பதால், அதைத் தேடுபவருக்குக் கட்டுப்பாட்டுப் பொறியாளர்கள் வரிசையாக வந்து நிற்பார்கள். குறியோடு தேடுபவருக்கோ நீ வரமாட்டாய். முழுப் பெயரையும் சுருக்கத்தையும் முதல்முறை சொல்லும்போது சேர்த்து எழுதிவிட்டால் இரு வழியிலும் அகப்படுவாய். நியமங்களுக்கும் இதே கவனம் வேண்டும். ‘பைப்பிங் கோடு தெரியும்’ என்பதை யாரும் தேடுவதில்லை, ‘ஏஎஸ்எம்இ பி31.3’ என்று அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் குழாய் நியமத்தை எண்ணோடு தேடுகிறார்கள். பற்றவைப்புத் தகுதிச் சோதனைகளை நீ பார்த்துக்கொண்டது எனக்குத் தெரியும். ஆனால் ‘செக்‌ஷன் 9’ என்ற, அந்தச் சோதனைகளுக்கான ஏஎஸ்எம்இ விதிப்பகுதியின் பெயர் உன் ரெஸ்யூமேயில் ஓரிடத்திலும் இல்லை. அதைப் பார்த்து உண்மையிலேயே ஆதங்கப்பட்டேன்.

இதற்காகச் சொற்களை ஒரு மூலையில் கொட்டி வைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவை நீ செய்த வேலையைச் சொல்லும் வாக்கியத்துக்குள் இருக்க வேண்டும். ‘அழுத்தக் கலன் வடிவமைப்புப் பணிகளில் ஈடுபட்டேன்; குழுவுடன் இணைந்து தரத்தை மேம்படுத்தினேன்’ என்று நீ எழுதியிருக்கிறாய். யார் வேண்டுமானாலும் எழுதக்கூடிய வாக்கியம் அது. அதை இப்படி மாற்றிப் பார்: ‘ஏஎஸ்எம்இ செக்‌ஷன் 8, டிவிஷன் 1 விதிகளின்படி கார்பன் ஸ்டீல் அழுத்தக் கலன்களின் சுவர்த் தடிமனையும் நாசில் வலுவூட்டலையும் பிவி எலைட்டில் கணக்கிட்டேன், தயாரிப்பு வரைபடங்களைச் சரிபார்த்து, ஹைட்ரோ டெஸ்ட் வரை உடனிருந்து ஒப்புதல் பெற்றேன்.’ தேடுபவருக்குத் தேவையான சொற்கள் எல்லாம் இதில் இருக்கின்றன. பின்னர் என்னைப் போன்ற ஒருவர் வாசிக்கும்போது, இவர் கணக்குப் போட்டதோடு நிற்காமல் தளத்துக்கும் போனவர் என்பது புரிகிறது. எத்தனை கலன்கள், என்ன வடிவமைப்பு அழுத்தம், எவ்வளவு எஃகு மிச்சமானது என்பன போன்ற எண்களை நீதான் சேர்க்க வேண்டும். நேர்காணலில் தாளும் பேனாவும் கொடுத்து விளக்கச் சொன்னால் விளக்கக்கூடிய எண்களை மட்டும் சேர்.

உங்கள் நிறுவனம் உனக்கு வைத்திருந்த உள்பதவிப் பெயரை வெளியில் யாரும் தேடமாட்டார்கள். அதை மறைக்கத் தேவையில்லை; அதன் அருகிலேயே ‘பிரஷர் வெசல் டிசைன் எஞ்சினியர்’ என்று, நீ உண்மையில் பார்த்த வேலையின் வழக்கமான பெயரைச் சேர்த்து எழுது.

வெள்ளை எழுத்தில் முழு அறிவிப்பையும் ஒட்டி மறைத்து வைத்தால் மதிப்பெண் கூடும் என்று யாரோ சொன்னதாக எழுதியிருந்தாய். தயவுசெய்து அதைச் செய்யாதே. எழுத்தை உருவும்போது நிறம் உதிர்ந்துபோகும்; நீ மறைத்தது அனைத்தும் எச்.ஆர். பிரிவின் திரையில் கறுப்பு எழுத்தில் தெரியக்கூடும். அதைப் பார்த்தபின் உன் நேர்மையான வரிகளையும் யாரும் நம்பமாட்டார்கள். இணையதளங்கள் தரும் ‘பொருத்த மதிப்பெண்’ குறித்தும் கவலைப்படாதே. அது அந்தத் தளம் தன் கணக்குப்படி போட்டது. நீ விண்ணப்பிக்கும் நிறுவனம் அதைப் பார்ப்பதில்லை. இயந்திரமே கற்றுக்கொண்டு தரவரிசைப்படுத்தும் முறையும் பிழையற்றது என்று எண்ணிவிடாதே. அமேசான் நிறுவனம் சோதனையாக உருவாக்கிய ஒரு கருவி, பழைய ரெஸ்யூமேக்களில் ஆண்களே மிகுந்திருந்ததால், பெண்களைக் குறிக்கும் சொல் வந்த ரெஸ்யூமேக்களைக் கீழே தள்ளக் கற்றுக்கொண்டது. அந்த முயற்சி கைவிடப்பட்டதை 2018இல் ராய்ட்டர்ஸ் வெளியிட்டது. அத்தகைய கருவியின் மதிப்பீட்டை வைத்து நீ உன்னை எடைபோடக் கூடாது.

கடைசியாக, பிரிவு கலைந்தபின் வந்த இடைவெளி. அதை வெறுமையாக விட்டிருக்கிறாய். மேலே சொன்ன 2021ஆம் ஆண்டு ஆய்வறிக்கையே, ஆறு மாதத்துக்கு மேல் இடைவெளி உள்ளவர்களை அந்த ஒரு காரணத்துக்காக வடிகட்டும் நிறுவனங்கள் ஏறத்தாழப் பாதி என்கிறது. இது அநியாயம் என்பதே என் கருத்து. ஆனாலும் அதை அறிந்து எழுதுவது நல்லது. அந்த மாதங்களில் ஒரு சிறிய தயாரிப்பாளருக்குக் கணக்குகளைச் சரிபார்த்துக் கொடுத்ததாகச் சொன்னாயே, அது வேலை இல்லாமல் வேறென்ன? ‘ஆலோசகர், அழுத்தக் கலன் கணக்குச் சரிபார்ப்பு’ என்று தலைப்பிட்டு, தொடங்கிய மாதத்தையும் ஆண்டையும் குறித்து, முதல் பதிவாக வை.

திருத்திய வேர்டு கோப்பை எனக்கு அனுப்பு. கூடவே நீ விண்ணப்பிக்க நினைக்கும் இரண்டு மூன்று அறிவிப்புகளையும் அனுப்பு. ஒவ்வொன்றின் சொற்களையும் உன் வரிகளோடு ஒப்பிட்டுப் பார்த்து, உண்மையில் நீ செய்திருந்தும் எழுதாமல் விட்டவற்றைக் குறித்து அனுப்புகிறேன். செக்‌ஷன் 9 பணியை எந்த ஆண்டில் எடுத்துக்கொண்டாய் என்பதையும் மறக்காமல் எழுது.

அன்புடன்,
உன் நண்பன்