ஒற்றைப்படை எண் பக்கம்

லாஸ் ஏஞ்சல்ஸ்,
ஜூலை 14

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நான் நலம். நீங்களும் அம்மாவும் நலம்தானே? அக்காவையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்லுங்கள். இது படம் போட்டுக் காட்ட வேண்டிய விஷயம், போனில் சொன்னால் பாதிதான் புரியும். அதனால்தான் கடிதம். பின்பக்கம் ஒரு படம் வரைந்திருக்கிறேன். அதைப் பார்த்துக்கொண்டே படியுங்கள்.

செப்டம்பரில் நீங்கள் வந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் இரண்டு பேரையும் பேஸ்பால் பார்க்க டாட்ஜர் ஸ்டேடியத்துக்குக் கூட்டிப்போகப் போகிறேன். 1962-இல் திறந்தது, 56,000 பேர் உட்காரலாம். அதிகம் நடப்பது ராத்திரி ஆட்டம்தான், குளிர்ச்சியாகவும் இருக்கும். ஆனால் கண் ஆபரேஷனுக்கு அப்புறம் விளக்கு வெளிச்சம் கூசுகிறது என்று சொன்னீர்கள். ராத்திரி அங்கே நாலு பக்கமும் விளக்குதான். அதனால் பகல் ஆட்டம்தான் சரிப்படும். பகல் என்றால் வெயில். செப்டம்பர்தானே, தணிந்திருக்கும் என்று நினைக்காதீர்கள். 2017 அக்டோபர் 24 அன்று இதே மைதானத்தில் உலகத் தொடர் என்கிற பேஸ்பால் இறுதிப் போட்டியின் முதல் ஆட்டம் ஆரம்பித்தபோது 39 டிகிரி. அதுவும் சாயந்திரம் ஐந்து மணிக்கு மேல்! நம்மூரில் அது ஐப்பசி, அடைமழைக் காலம்.

எனக்கு இதெல்லாம் தெரிந்தது பட்ட பிறகுதான். இங்கே வந்த முதல் வருஷம் ஆகஸ்டில், ஆபீஸ் நண்பர்கள் இரண்டு பேரோடு போனேன். டிக்கெட் எடுத்தது நான். விலை குறைவாக இருந்த இடத்தைப் பார்த்து எடுத்தேன், வேறு எதையும் யோசிக்கவில்லை. ஒரு மணிக்குப் போய் உட்கார்ந்தால் நாற்காலியின் கைப்பிடியில் கை வைக்க முடியவில்லை. கூட வந்தவர்கள் சன்ஸ்கிரீன் தடவிக்கொண்டார்கள். நம் கருப்புத் தோலை வெயில் என்ன செய்துவிடும் என்று நான் வாங்கவில்லை. மறுநாள் கழுத்தின் பின்பக்கம் சட்டைக் காலர் பட்டாலே எரிந்தது. இங்கே காற்று வறண்டது. வேர்வை வழியாது, அதனால் உடம்பு காய்வதும் உடனே தெரியாது.

பாதி ஆட்டத்துக்கு மேல் நான் பந்தைப் பார்க்கவே இல்லை. எதிர்ப்பக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே மேல்மாடியின் நிழல் ஒவ்வொரு வரிசையாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. அங்கே உட்கார்ந்தவர்கள் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, சாவகாசமாகக் கடலையை உடைத்துத் தின்றுகொண்டிருந்தார்கள். எங்கள் பக்கமோ வெயில் நேராக முகத்தில் அடித்தது. அப்போதுதான் உங்கள் குரல் காதில் விழுந்தது: "ஏலே, சீட்டைப் பாக்காத, சூரியனைப் பாரு."

முப்பது வருஷம் திருநெல்வேலி – மதுரை பஸ்ஸில் டிக்கெட் கிழித்த ஆளின் மகன் நான். காலையில் மதுரைக்குப் போனால் இடப்பக்கம் உட்கார், சாயந்திரம் திரும்பும்போதும் இடப்பக்கமே உட்கார் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள். போகும்போது கிழக்கு வலப்பக்கம், வரும்போது மேற்கு வலப்பக்கம். அதைத் தெரிந்துவைத்திருந்தும் இங்கே வந்து வலப்பக்கம் போய் உட்கார்ந்தேன்.

ஆமாம், இங்கேயும் இடப்பக்கம்தான். படத்தைப் பாருங்கள். மைதானம் வைர வடிவம், அதன் மூலைகளைத்தான் பேஸ் என்கிறார்கள். அடிப்பவன் நிற்கிற மூலை ஹோம் பிளேட். அவனுக்குப் பின்னால் நின்று பார்த்தால் வலக்கைப் பக்கம் முதல் பேஸ், எதிரே இரண்டாவது, இடக்கைப் பக்கம் மூன்றாவது. ஹோம் பிளேட்டிலிருந்து இரண்டாவது பேஸுக்குப் போகிற கோடு கிழக்கு-வடகிழக்காக இருப்பது நல்லது என்று இந்த ஆட்டத்தின் விதிப் புத்தகத்திலேயே இருக்கிறது. சாயந்திர வெயில் அடிப்பவன் கண்ணில் படக்கூடாது என்பதுதான் காரணம். கிரிக்கெட்டில் பிட்ச்சை வடக்கு தெற்காகப் போடுகிறார்களே, அதுபோல. டாட்ஜர் ஸ்டேடியம் இன்னும் கொஞ்சம் வடக்கே திரும்பியிருக்கிறது. ஆகவே மூன்றாம் பேஸ் பக்கத்து இருக்கைகள் மேற்கே முதுகைக் காட்டிக்கொண்டிருக்கும், முதல் பேஸ் பக்கம் மேற்கைப் பார்த்திருக்கும்.

கண்டுபிடிப்பதும் சுலபம். ஹோம் பிளேட்டுக்கு இடப்பக்கப் பகுதிகளுக்கெல்லாம் ஒற்றைப்படை எண், வலப்பக்கத்துக்கு இரட்டைப்படை. நான் அன்றைக்கு எடுத்தது இரட்டைப்படை.

ஆனால் ஒற்றைப்படை என்றதும் போய் உட்கார்ந்துவிட முடியாது. ஆட்டம் ஒன்று பத்துக்கு ஆரம்பிக்கும். கோடையில் இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைக்கிறார்கள். அதனால் மணி ஒன்று என்றால் சூரியனுக்கு உச்சிப் பொழுது. அந்த நேரத்தில் இடப்பக்கமும் முன்வரிசையெல்லாம் வெயில்தான், மேற்கே சாயச் சாயத்தான் நிழல் இறங்கும். (நம்மூர்போல இங்கே சூரியன் நேர் தலைக்கு மேல் வருவதே இல்லை. எந்த மாதமானாலும் உச்சியில் கொஞ்சம் தெற்கே சரிந்தே நிற்கும். முதல் வருஷம் அது எனக்கு விநோதமாக இருந்தது.) முதலிலிருந்தே நிழல் வேண்டுமென்றால் மேலே இன்னொரு அடுக்கு கவிந்திருக்கிற பின்வரிசைதான். இரண்டாவது அடுக்கை லோஜ் என்கிறார்கள். அங்கே எடுக்கலாம் என்று இருக்கிறேன்.

அதிலும் ஒரு சிக்கல். கடைசி வரிசையில் உட்கார்ந்தால் மேல் அடுக்கின் தளம் தாழ்வாரம் மாதிரி இறங்கி மறைக்கும். உயரப் போகிற பந்து தெரியாது. எல்லாரும் எழுந்து கத்துவார்கள், பந்து எங்கே போனது என்று நாம் பக்கத்து ஆளைக் கேட்க வேண்டும். அம்மாவுக்கு அது பரவாயில்லை, நீங்கள் ஒத்துக்கொள்வீர்களா என்பதுதான் சந்தேகம். நாலைந்து வரிசை முன்னால் வந்தால் பந்து முழுக்கத் தெரியும், தூரத்து மலைகளும் தெரியும். ஆனால் முதல் ஒரு மணி நேரம் முழங்காலில் வெயில் விழலாம்.

மைதானம் கட்டிய இடம் யாருடையது என்று கேட்பீர்கள், தெரியும். அந்தக் குன்றில் முன்பு மூன்று குடியிருப்புகள் இருந்தன, பெரும்பாலும் மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்கள். ஏழைகளுக்கு வீடு கட்டித் தருவதாகச் சொல்லிக் காலி செய்ய வைத்தார்கள். வீடு வரவில்லை, மைதானம் வந்தது. விட்டுப் போக மறுத்தவர்களை 1959-இல் தூக்கி வெளியே விட்டார்கள். இதை எனக்குச் சொன்ன ஆபீஸ் தோழியின் பாட்டி இன்றுவரை அந்தப் பக்கம் போனதில்லையாம்.

அம்மாவிடம் சொல்லுங்கள்: சாப்பாடு கொண்டுபோகலாம், புளியோதரை கட்டிக்கொள்ளலாம். பை மட்டும் உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் பையாக இருக்க வேண்டும், அதை இங்கேயே வாங்கிவிடுகிறேன். தண்ணீர் பாட்டில் மூடி திறக்காததாக இருந்தால் விடுவார்கள். நீங்கள் இரண்டு ஈரிழைத் துண்டு மட்டும் எடுத்து வாருங்கள். இங்கே விற்கிற டர்க்கி டவலைத் தலையில் போட்டால் போர்வை போர்த்திய மாதிரி இருக்கிறது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை போன் செய்கிறேன். கடைசி வரிசையா, நாலு வரிசை முன்னாலா என்று அதற்குள் இரண்டு பேரும் பேசி வையுங்கள். அன்றைக்கே டிக்கெட் எடுத்துவிடுகிறேன்.

அன்புடன்,
முருகன்