மனைவியின் காணிக்குக் கணவனின் கையொப்பம்: சட்டத் திருத்தத்தில் விடுபடக் கூடாதவை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

பெண்களையும் சிறுவர்களையும் பாதிக்கும் குற்றவியல், சிவில் சட்ட ஏற்பாடுகளைத் திருத்தும் அரசாங்கத்தின் முயற்சிகள் குறித்து உங்கள் பத்திரிகையில் வெளிவரும் செய்திகளைக் கவனமாக வாசித்து வருகிறேன். இம்முயற்சிகளை நான் வரவேற்கிறேன். ஆனால் தண்டனைச் சட்டக்கோவை ஒரு மேசையிலும் விவாகரத்துச் சட்டம் வேறொரு மேசையிலும் ஒவ்வொரு சமூகத்துக்கும் உரிய தனியார் சட்டங்கள் எவரும் தொடத் துணியாத மூன்றாவது மேசையிலும் கிடப்பதே இந்நாட்டு வழக்கமாக இருந்து வந்திருப்பதால், ஒரு சட்டம் பெண்ணுக்குக் கொடுப்பதை இன்னொரு சட்டம் பறிக்கும் நிலை இம்முறையும் மாறாமற் போய்விடுமோ என்ற கவலையே இக்கடிதத்தை எழுதத் தூண்டியது.

நான் கொழும்பில் பல ஆண்டுகள் நொத்தாரிசாகக் கடமையாற்றியவன். காணி உறுதி எழுத வரும் தமிழ்ப் பெண்ணிடம் நாங்கள் கேட்க வேண்டியிருந்த முதற் கேள்விகளில் ஒன்று, அவர் திருமணமானவரா, வடக்குத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்டவரா என்பதாகும். இரண்டுக்கும் விடை ஆம் என்றால், காணி அவருடைய தாய் தந்தையர் கொடுத்த சீதனமாக இருந்தாலும், அவரே உழைத்துத் தன் பெயரில் வாங்கிய வீடாக இருந்தாலும், கணவனின் எழுத்துமூலச் சம்மதம் இன்றி அதை விற்கவோ ஈடு வைக்கவோ நன்கொடையாகக் கொடுக்கவோ முடியாது. 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க யாழ்ப்பாண விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தின் 6ஆம் பிரிவு அவ்வாறு விதிக்கிறது. கணவனோ தனக்கெனத் தனியாக உள்ள காணியை மனைவியிடம் ஒரு வார்த்தை கேளாமலே விற்றுவிடலாம்.

இது வடக்கில் உள்ள காணிகளுக்கு மட்டும் உரிய சட்டம் என்று கொழும்பில் பலர் எண்ணுகின்றனர். தேசவழமை வட மாகாணத்தை நிரந்தர வாழிடமாகக் கொண்ட தமிழரை, அவர் எங்கிருந்தாலும், தொடர்ந்து செல்லும் சட்டம்; இலங்கையில் எங்கே ஆதனம் இருந்தாலும் அதற்கும் பொருந்தும். ஆகவே வெள்ளவத்தையில் ஒரே அடுக்குமாடியில் வசிக்கும் மூன்று தமிழ்ப் பெண்களுள், மலையகத்துப் பெண்ணும் மட்டக்களப்புப் பெண்ணும் 1923ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க விவாகமான பெண்களின் ஆதனக் கட்டளைச் சட்டத்தின்படி தத்தம் வீட்டைத் தாமே விற்கலாம். யாழ்ப்பாணத்துப் பெண் விற்க முடியாது. அதிலும் ஒரு விந்தை உண்டு. அதே 6ஆம் பிரிவு, அவர் தம் காணியை இறுதி விருப்பாவணத்தின் மூலம் விரும்பியவருக்கு எழுதி வைப்பதற்குக் கணவனின் சம்மதத்தைக் கேட்கவில்லை. இறந்த பின் நடப்பதைத் தீர்மானிக்கும் அறிவு உள்ளவர் என்று சட்டம் நம்பும் பெண்ணை, உயிரோடு இருக்கும் காலத்தில் தன் சொத்தைக் கையாளத் தகுதியற்றவராக நடத்துவதற்கு என்ன நியாயம் இருக்க முடியும் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

கணவன் விட்டுப் பிரிந்திருந்தாலோ, இருக்குமிடம் தெரியாவிட்டாலோ, நியாயமின்றிச் சம்மதத்தை மறுத்தாலோ மாவட்ட நீதிமன்றத்தில் விண்ணப்பித்து அச்சம்மதம் இன்றியே உறுதி முடிக்க 8ஆம் பிரிவு வழி செய்கிறது என்பதை நான் மறைக்கவில்லை. அந்த வழியில் நடப்பதற்குச் சட்டத்தரணிக்குப் பணம் வேண்டும், தவணைக்குத் தவணை புதுக்கடை நீதிமன்றத்துக்கு வந்து போக நேரம் வேண்டும், குடும்பத்தின் உள்விவகாரங்களை அந்நியர் முன்னிலையில் சொல்லும் துணிவும் வேண்டும். போரின்போது கணவன் காணாமலாக்கப்பட்ட பெண்கள், கணவன் வெளிநாட்டுக்குப் போய்த் தொடர்பை அறுத்துக்கொண்ட பெண்கள், பிள்ளையின் படிப்புக்கோ தம் சத்திரசிகிச்சைக்கோ ஒரு துண்டுக் காணியை விற்க வந்து, நீதிமன்றக் கட்டளை வேண்டும் என்று கேட்டதும் எழுந்து போனதைப் பார்த்திருக்கிறேன். வாங்க வந்தவர் அவ்வளவு காலம் காத்திருப்பதில்லை. கணவன் நல்லவனாக வெளிநாட்டில் இருக்கும் குடும்பங்களிலும்கூட, தூதரகத்தில் அற்றோர்னித் தத்துவம் முடித்து அனுப்பும் வரை பேச்சுவார்த்தை தொங்கிக்கொண்டே இருக்கும்.

இங்கேதான் குற்றவியல் சட்டமும் சிவில் சட்டமும் ஒன்றையொன்று முறிக்கின்றன. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் ஒரு பெண் நீதவான் நீதிமன்றத்தில் கணவனுக்கு எதிராகப் பாதுகாப்புக் கட்டளை பெறலாம். அடிக்கும் கணவனை விட்டு விலகி வேறிடத்தில் வாழ்வதற்கு வேண்டிய பணத்தைத் தன் சீதனக் காணியை விற்றுப் பெற நினைத்தால், அதே கணவனின் கையொப்பம் வேண்டும். அல்லது இன்னொரு நீதிமன்றத்தில் இன்னொரு வழக்கு. விவாகரத்துப் பெற்றால் அந்தத் தளை நீங்கும் என்று சொல்லலாம். ஆனால் 1907ஆம் ஆண்டின் திருமணப் பதிவுக் கட்டளைச் சட்டம் பிறன்மனை உறவு, தீயநோக்குடன் கைவிட்டுச் செல்லல், தீராத ஆண்மைக்குறைவு என்ற குற்றச்சாட்டுகளில் ஒன்றை நிரூபிக்கச் சொல்கிறது. தொடர்ந்து அடிப்பது என்பது தன்னளவில் அந்தப் பட்டியலில் இல்லை. வன்முறைக்குத் தண்டனையை எவ்வளவு கடுமையாக்கினாலும், விலகிப் போகும் பாதை இப்படி அடைபட்டிருக்கும் வரை முறைப்பாடு செய்யப் பல பெண்கள் முன்வர மாட்டார்கள்.

தேசவழமையில் கைவைப்பது நம் அடையாளத்தில் கைவைப்பது என்று சொல்வோர் நம்மிடையே உள்ளனர். அவர்களது அச்சத்தை நான் மதிக்கிறேன். 2021இல் அமைக்கப்பட்ட ‘ஒரே நாடு, ஒரே சட்டம்’ செயலணிக்குப் பொதுபல சேனா என்ற கடும்போக்குப் பௌத்த அமைப்பின் கலகொட அத்தே ஞானசார தேரர் தலைவராக நியமிக்கப்பட்டதையும், தொடக்கத்தில் அதில் தமிழர் ஒருவரோ பெண் ஒருவரோ இடம்பெறாததையும் எவரும் எளிதில் மறக்க முடியாது. அத்தகைய கைகளிடம் தேசவழமையை ஒப்படைக்கும்படி நான் கேட்கவில்லை. பெண்ணின் சீதனம் பெண்ணுக்கே உரியது என்று உறுதியாகச் சொல்லும் தேசவழமை காக்கப்பட வேண்டியது. ஆனால் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் என்ற நிபந்தனையின் வரலாற்றைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஒல்லாந்து ஆளுநர் சீமொன்ஸின் பணிப்பின்பேரில் யாழ்ப்பாணத் திசாவை (பிரதேச நிர்வாக அதிகாரி) கிளாஸ் ஐசாக்ஸ் வழமைகளைத் தொகுத்து, பன்னிரு முதலியார்கள் அதைப் பார்வையிட்டு ஏற்றுக்கொண்டது 1707இல். 6ஆம் பிரிவோ அதற்கு இருநூறு ஆண்டுகளுக்குப் பின் பிரித்தானிய ஆட்சியின் சட்டசபையில் எழுதப்பட்டது. அதன் வாசகம், ஏனைய சமூகங்களுக்காக 1876இல் இயற்றப்பட்ட 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தில் இருந்த வாசகத்தையே பெரிதும் ஒத்திருக்கிறது. அந்த ஏனைய பெண்களை 1923இல் விடுவித்தவர்கள் தேசவழமைக்கு உட்பட்ட பெண்களை மட்டும் விட்டுவிட்டார்கள். ஆகவே அந்தச் சில சொற்களை நீக்குவதால் நம் முன்னோரின் வழமை எதுவும் குறைந்துவிடாது.

முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் பற்றி வெளியிலிருந்து எழுதத் தயங்குகிறேன் எனினும், குற்றவியல் சட்டத்தோடு அது இணையும் இடம் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. 1995இல் பாராளுமன்றம் பொதுச் சட்டத்தின் கீழான திருமண வயதைப் பதினெட்டாக உயர்த்தியது. அதே ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தச் சட்டம், பதினாறு வயதுக்குட்பட்ட சிறுமியுடன் உறவு கொள்வதை அவளது சம்மதம் இருந்தாலும் வன்புணர்வு என்று தண்டனைச் சட்டக்கோவையின் 363ஆம் பிரிவில் எழுதியது. ஆனால் அச்சிறுமி பன்னிரண்டு வயதைக் கடந்த மனைவியாக இருந்து, நீதிமன்றத்தால் பிரித்து வைக்கப்படாதவளாயின் அது குற்றமல்ல என்றும் சேர்த்து எழுதிவிட்டது. 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் திருமணத்துக்குக் குறைந்தபட்ச வயதை விதிக்காமல், பன்னிரண்டு வயதுக்குட்பட்ட சிறுமிக்குக் காதியின் (முஸ்லிம் விவாக நீதிபதியின்) அனுமதி வேண்டும் என்று மட்டும் சொல்வதால், அந்த விலக்கு யாரைப் பாதுகாப்பின்றி விடுகிறது என்பது வெளிப்படை. நீதியரசர் சலீம் மர்சூஃப் தலைமையிலான குழு 2009இல் நியமிக்கப்பட்டு 2018இல் அறிக்கை கொடுத்தது. அதற்கு முன்பும் பின்பும் முஸ்லிம் பெண்களே முன்னின்று மாற்றம் கோரி வந்துள்ளனர் என்பதால், இதை வெளியார் திணிப்பு என்று ஒதுக்கவும் முடியாது. தண்டனைச் சட்டக்கோவையின் விலக்கை நீக்கி, திருமண வயதை விட்டுவைத்தால் திருமணம் செல்லும், கணவன் குற்றவாளி என்ற குழப்பம் எழும். வயதை உயர்த்தி விலக்கை விட்டுவைத்தால் பதிவின்றி நடத்தப்படும் திருமணங்களுக்கு அது மறைப்பாக அமையலாம். இரண்டும் ஒரே நாளில் திருத்தப்பட வேண்டியவை. திருமண உறவுக்குள் நிகழும் வன்புணர்வு, நீதிமன்றம் பிரித்து வைத்த தம்பதியர் விடயத்தில் மட்டுமே குற்றம் என்ற வரையறை எல்லாச் சமூகப் பெண்களையும் பாதிப்பதால் அதற்கும் இதே திருத்தத்தில் இடம் வேண்டும்.

இவற்றுள் பழைய சட்டங்களுக்கு அரணாக நிற்பது அரசியலமைப்பின் 16(1)ஆம் உறுப்புரை. 1978இல் நடைமுறையில் இருந்த எழுதப்பட்ட, எழுதப்படாத சட்டங்கள் யாவும் அடிப்படை உரிமைகளுக்கு முரணாக இருந்தாலும் செல்லுபடியாகும் என்று அது கூறுகிறது. பால் அடிப்படையிலான பாரபட்சத்தைத் தடுக்கும் 12ஆம் உறுப்புரையைக் காட்டி 6ஆம் பிரிவை எதிர்த்து உயர் நீதிமன்றம் செல்லப் பெண்ணுக்கு இதனால் இடமில்லை. பெண்களுக்கு எதிரான அனைத்துப் பாரபட்சங்களையும் ஒழிக்கும் சர்வதேச உடன்படிக்கையை இலங்கை 1981இல் ஏற்று உறுதிப்படுத்தியும் இந்த உறுப்புரை இன்னும் அப்படியே இருக்கிறது. நீதிமன்றத்தின் கதவு மூடியிருப்பதால் எஞ்சியிருப்பது பாராளுமன்றம் மட்டுமே. அங்கும் சட்டமூலம் ஒன்று நிறைவேறிச் சான்றுப்படுத்தப்பட்ட பின் 80(3)ஆம் உறுப்புரையின்படி அதன் செல்லுபடியை எந்த நீதிமன்றத்திலும் கேள்விக்குட்படுத்த முடியாது. பிழையோடு நிறைவேறும் சட்டத்தைப் பின்னர் திருத்தச் சொல்லி அலைவதைவிட, வர்த்தமானிக்குப் போகும் முன்பே வரைபுகளை மூன்று மொழிகளிலும் ஒரே வேளையில் வெளியிட்டுப் பெண்கள் அமைப்புகளிடமும் வடக்கு, கிழக்கு, மலையக மாவட்டச் சட்டத்தரணிகள் சங்கங்களிடமும் கருத்துக் கேட்பது நீதி அமைச்சுக்குக் கடினமான காரியமல்ல.

தமிழ் பேசும் பாராளுமன்ற உறுப்பினர்களிடமும், பெண் பாராளுமன்ற உறுப்பினர்களின் ஒன்றியத்திடமும் நான் கேட்பது இதுதான்: தண்டனைச் சட்டக்கோவைக்கான திருத்தம் அடுத்து எப்போது சபைக்கு வந்தாலும், 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் 6ஆம் பிரிவிலிருந்து கணவனின் எழுத்துமூலச் சம்மதத்தை நீக்கும் சிறு சட்டமூலம் ஒன்றையும் அதனுடன் சேர்த்துக் கொண்டுவருமாறு நீதி அமைச்சரை வலியுறுத்துங்கள். அதற்குப் புதிய அரசியலமைப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, ஆணைக்குழுவும் தேவையில்லை. அத்திருத்தத்தின் வாசகம் ஒரு பக்கத்துக்குள் அடங்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நொத்தாரிசு ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.