கோயில் காட்டுச் சீமைக்கருவேலத்தைத் தூரோடு எடுத்துத் தரக் கோரும் மனு

அனுப்புநர்
கோயில் காடு பராமரிப்புக் குழுவினர், ஏரிக்கரைத் தெரு.

பெறுநர்
வட்டார வளர்ச்சி அலுவலர் அவர்கள், ஊராட்சி ஒன்றிய அலுவலகம்.

பொருள்: சீமைக்கருவேல ஏலத்தை நிறுத்தி, தூரோடு அகற்றித் தர வேண்டுதல் – நான்காம் மனு.

பார்வை: குடியரசு தின, மே தின கிராம சபைத் தீர்மானங்கள், எங்கள் முந்தைய மூன்று மனுக்கள்.

ஐயா,

வணக்கம். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், குளத்தை ஒட்டிய ஏழு ஏக்கர் ஐயனார் கோயில் காடு தாங்கள் அறிந்ததே. வீரை, உலக்கைப்பாலை, காசா, குருந்து என்று கோடையிலும் பச்சை மாறாத காடு. மரக்காணம் பக்கம் கீழ்ப்புத்துப்பட்டுக் கோயில் காட்டைப் பார்த்தவர்களுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று புரியும். இன்று கோயிலைச் சுற்றி இரண்டு ஏக்கர்தான் பழைய காடு. நான்கு ஏக்கர் சீமைக்கருவேலம்.

1. மீதி ஒரு ஏக்கர், தெற்கு மூலை, ஆறு வருடம் முன்பு தூரோடு எடுத்து நாட்டுக் கன்று வைத்த இடம். அங்கே நாவல் நிழலில் சருகு இரண்டு விரல் கனம். மழைத்தண்ணீர் அடித்துக்கொண்டு ஓடாமல் கீழே இறங்குகிறது. அந்தப் பக்கம் குளத்துக்குள் மண் சரிவது நின்றுவிட்டது. காரையும் களாவும் யாரும் நட்டவை அல்ல, கொண்டைக்குருவி எச்சத்தில் முளைத்தவை. அரசுக்குச் செலவில்லை.

2. எங்களை வாட்டுவது ஏலம்தான். ஏலம் எடுப்பவர் விறகுக்கும் கரிமூட்டத்துக்கும் வெட்டுகிறார். தரைக்கு மேல் ஒரு முழம் விட்டு அறுத்துக்கொண்டு போய்விடுகிறார். சீமைக்கருவேலத்தின் உயிர் தரைக்குக் கீழே, தூரின் கழுத்தில் இருக்கிறது. அதை விட்டு மேலே வெட்டினால் ஒரு தூருக்கு எட்டு, பத்துக் கிளை வெடிக்கும். ஒற்றை மரம் முள்புதராகிவிடும், உள்ளே ஆள் நுழைய முடியாது. இரண்டு முறை ஏலம் விட்டீர்கள். இரண்டு முறையும் முன்னைவிட அடர்ந்துதான் போனது. மூன்றாவது முறையும் விடப்போவதாகக் கேள்வி. ஐயா, இது மரத்தை அழிப்பதா, வளர்ப்பதா? போதாக்குறைக்கு விறகு லோடு லாரி பழைய காட்டுக்குள் வழி போட்டது. சக்கரம் ஏறிய உலக்கைப்பாலை ஒன்று பட்டை உரிந்து, பால் வடிந்து காய்ந்து நிற்கிறது. கணுக்கால் பருமன்தான். முதல் வருடம் ஒரு சாண்கூட வளராத மரம் அந்தப் பருமன் ஆக எத்தனை வருடம் ஆகியிருக்கும்? ஏலப் பணத்தில் அது திரும்பி வருமா?

3. ஆவணி முடிவதற்குள், மண் காய்ந்திருக்கும்போதே ஜே.சி.பி. வேண்டும். ஒன்றரை அடி ஆழத்தில் தூரை நெம்பி, வேர் வானம் பார்க்கக் கவிழ்த்துப் போட வேண்டும். மழை ஈரத்தில் எடுத்தால் மண்ணோடு கிடக்கும் தூர் மறுபடி துளிர்க்கும். நாட்டு மரங்களுக்கு அடையாளமாகச் சுண்ணாம்பு அடித்துவிட்டோம். அவற்றை ஒட்டிய தூர்களைக் கடப்பாரையால்தான் எடுக்க வேண்டும்.

4. மண்ணில் சீமைக்கருவேல விதை வருடக்கணக்கில் உறங்கும். மழைக்கு முளைத்ததும் நாலு இலைப் பருவத்தில் கையால் இழுத்தால் வேரோடு வந்துவிடும். கார்த்திகை தாண்டினால் ஆணிவேர் இறங்கிவிடும், கையில் முள்தான் மிஞ்சும். ஆகவே மூன்று மழைக்காலத்துக்கு நூறு நாள் வேலை ஆட்கள் வேண்டும். (அதில் ஜே.சி.பி. இறக்க முடியாது என்பது எங்களுக்கும் தெரியும். அதற்கு வேறு நிதி கேட்கிறோம்.) வேலியும் வேண்டும். மாடு நெற்றைத் தின்று சாணத்தோடு விதையைக் கொண்டுவந்து போடுகிறது.

5. கன்று தருவதானால் தூங்குமூஞ்சி வேண்டாம், அதுவும் அயல் மரம்தான்.

6. அயல் மரங்களை அகற்றி நாட்டுக் காட்டை மீட்க 2022இல் அரசே கொள்கை வெளியிட்டது. நாங்கள் புதிதாக ஒன்றும் கேட்கவில்லையே! மூன்று மனுவுக்கும் ஒரு வரி பதில்கூட இல்லை.

7. ஏலத்தை நிறுத்துங்கள் ஐயா. வெட்ட வேண்டாம், பிடுங்கித் தாருங்கள். ஐப்பசி மழைக்கு நடவேண்டிய கன்றுகள் பையில் வேர் சுருண்டுகொண்டிருக்கின்றன. ஜே.சி.பி. எந்த நாள் வரும் என்று மட்டும் சொல்லுங்கள், சுண்ணாம்பு அடித்த மரங்களைக் காட்ட ஆள் நிற்கும்.

இப்படிக்கு,
குழுவினர்