பூசையும் எங்கள் பேச்சும் ஒரே அலைவரிசையில்

மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் வயர்லெஸ் திட்டமிடல், ஒருங்கிணைப்புப் பிரிவு அதிகாரிகளுக்கு வணக்கம்.

மந்தைவெளியில் லிஃப்ட் இல்லாத ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியிலிருந்து எழுதுகிறேன். என் அம்மாவுக்கு 84 வயது. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த நாளிலிருந்து அவர் படியிறங்கவில்லை. ஞாயிறு காலை எங்கள் கத்தோலிக்கக் கோயிலின் மணி அடித்ததும் எழுந்து உட்கார்ந்து முக்காடு போட்டுக்கொள்வார். மணி கேட்கிறது, பூசை கேட்பதில்லை. கைப்பேசியில் நேரலை வைத்துக் கொடுத்துப் பார்த்தேன். சரியாக நற்செய்தி வாசிக்கும் நேரத்தில் கடன் வேண்டுமா என்று யாராவது அழைப்பார்கள். அழைப்பைத் துண்டிக்கப் போய்ப் பூசையையே துண்டித்துவிடுவார். கண் பார்வையும் மங்கல். யாராவது வந்து மறுபடி எடுத்துக் கொடுப்பதற்குள் காணிக்கைப் பாட்டு முடிந்திருக்கும்.

ஒருநாள், பால்கனிக் கதவோரம் இருக்கும், நண்பர்களோடு பேச நான் பயன்படுத்தும் சி.பி. (சிட்டிசன் பேண்ட்) வானொலிக் கருவியைக் காட்டி, "இதில் நம் கோயில் பூசை வராதாப்பா?" என்று கேட்டார்.

வரும். தொழில்நுட்பத்தில் எந்தத் தடையும் இல்லை. சிட்டிசன் பேண்ட் எனப்படும் 27 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் 5 வாட் வரையிலான கருவிகளுக்கு உரிமம் தேவையில்லை என்று 2005இல் நீங்களே விதி செய்தீர்கள். 5 வாட் என்றால் சென்னைக் கட்டடங்களுக்கு நடுவில் சில கிலோமீட்டர். ஒரு பங்குக்கு, அதாவது ஒரு தேவாலயத்தின் சுற்றுவட்டாரத்துக்கு, அது போதும். ஆனால், அந்த விலக்கு ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வதற்காக வந்தது. ஒரு தேவாலயமோ கோயிலோ பள்ளிவாசலோ ஒரு மணி நேரம் தொடர்ந்து ஒலிபரப்ப அதில் தெளிவான வழி இல்லை. அந்த வழியைக் கேட்டுத்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

அயர்லாந்தில் இது நடக்கிறது. அங்கே ஊர்த் தேவாலயங்கள் 27 மெகாஹெர்ட்ஸ் பகுதியிலேயே உரிமம் பெற்று, நடமாட முடியாதவர்களின் வீடுகளுக்குத் திருப்பலியை அனுப்புகின்றன. பிரிட்டனில் ஆஃப்காம் என்னும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பு இதற்கென்று தனி உரிமம் வைத்திருக்கிறது. 27.60125 முதல் 27.99125 மெகாஹெர்ட்ஸ் வரை, 1981 முதல் சி.பி. ஆர்வலர்கள் பேசிவரும் அதே 40 சேனல்கள்தான் அதற்கும். அந்நாட்டுப் பள்ளிவாசல்கள் வேறொரு பகுதியில், 454 மெகாஹெர்ட்ஸை ஒட்டி, தொழுகை அழைப்பை வீட்டுக் கருவிகளுக்கு அனுப்புகின்றன. வழிபாட்டை வானொலியில் வீட்டுக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பது அங்கே புதுமை இல்லை.

அந்த ஏற்பாட்டை அப்படியே இங்கே இறக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பிரிட்டன் ஆர்வலர்களுக்கு அந்த 40 சேனல்கள் போக, ஐரோப்பா முழுவதற்கும் பொதுவான இன்னொரு 40 சேனல்களும் இருக்கின்றன. ஓரிடத்தில் இரைச்சல் என்றால் மற்றொன்றுக்குப் போய்விடலாம். நமக்கு விடப்பட்ட பகுதி 27.4க்குள்ளேயே முடிந்துவிடுகிறது, 40 சேனல்கூட முழுதாக இல்லை. அதற்குள்ளும் 27.12ஐ ஒட்டிப் பிளாஸ்டிக் ஒட்டும் தொழிற்சாலை இயந்திரங்களின் உறுமல், குழந்தைகளின் ரிமோட் கார்கள். இருப்பதே ஒண்டுக் குடித்தனம். புதிதாக ஒருவரை வரவேற்பதானால் வாசலிலேயே சில விஷயங்களைப் பேசி வைத்துக்கொள்வது நல்லது.

முதலில் பேச வேண்டியது எது என்பதை ஒரு மாலை எனக்குக் காட்டியது. எங்கள் சி.பி. வட்டத்தில் ஒருவருடைய மைக்கின் பொத்தான் ஏதோ ஒரு பொருளுக்கு அடியில் சிக்கிக்கொண்டது. அவருக்குத் தெரியவில்லை. அன்று மாலை முழுவதும் அந்தச் சேனலில் எங்களுக்குக் கேட்டது அவர் வீட்டுக் குக்கர் விசில், தொலைக்காட்சித் தொடர், பேரனைச் சாப்பிடக் கூப்பிடும் குரல். மாற்றி மாற்றி அழைத்தோம். பொத்தான் அழுந்தியிருக்கும்வரை அந்தக் கருவி பேசுமே தவிரக் கேட்காது. கடைசியில் ஒருவர் மிதிவண்டியில் போய் அவர் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டியிருந்தது.

வழிபாட்டு ஒலிபரப்பு என்பது இயல்பிலேயே அப்படிப்பட்டதுதான். அது பேசும், கேட்காது. நாங்களோ கேட்டுவிட்டுப் பேசுகிறவர்கள். சேனல் காலியா என்று பார்க்காமல் வாய் திறப்பது எங்களிடையே அநாகரிகம். இந்த இரண்டையும் ஒரே இடத்தில் குடிவைக்க வேண்டுமானால், பூசை முடிந்ததும் கருவி தானாக அணைய வேண்டும். இதைக் கோயில் வேலைகளைக் கவனிக்கும் கோயில்பிள்ளையின் நினைவாற்றலை நம்பி விடக் கூடாது. வழிபாடு முடிந்தபின் குரலைச் சுமக்கும் ஊர்தி அலை மட்டும் வெறுமனே ஓடிக்கொண்டிருந்தால் அந்த வட்டாரத்தில் அந்தச் சேனல் செத்தது. ஒலி நின்ற சில நிமிடங்களில் அணைந்துவிடும் கருவிக்கு மட்டுமே உரிமம் என்று ஒரு வரி எழுதுங்கள். நாளைக்கு வரக்கூடிய சண்டைகளில் பாதி அந்த வரியிலேயே தீர்ந்துவிடும்.

மற்றவை சிறியவை. வழிபாட்டுக்கென்று இரண்டோ மூன்றோ சேனல்களை மட்டும் ஒதுக்குங்கள். மயிலாப்பூரில் கூப்பிடு தூரத்துக்குள் எத்தனை கோபுரம், எத்தனை மினாரா! ஆனாலும் மார்கழி விடியலில் திருப்பாவை, சில நிமிடப் பாங்கு, ஞாயிறு காலைப் பூசை என்று நேரம் பெரும்பாலும் மோதுவதில்லை. மோதும் இடத்தில் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். ஒலிபரப்பு தொடங்கும்போது எந்த இடத்திலிருந்து என்று சொல்ல வேண்டும். தேர்தல் பேச்சும் நிதி வசூலும் கூடாது. உரிமம் வாங்கினோம் என்பதற்காக யாரும் எங்களைச் சேனலைவிட்டு எழுப்பவும் கூடாது. நாங்களும் அவர்கள் நேரத்தில் குறுக்கே பேசக் கூடாது. 27.4க்கு மேலே இடம் விட முடியுமா என்று ஆராய்ந்தீர்களானால் இந்த நெருக்கடியே இருக்காது.

சமூக வானொலி இருக்கிறதே என்று சொல்வீர்கள். அண்ணா பல்கலைக்கழகத்தில் 2004இல் தொடங்கியபோது பெருமைப்பட்டவர்களில் நானும் ஒருவன். ஆனால், அது 100 வாட் வரை போகும் பண்பலை நிலையம். ஒலிப்பதிவுக் கூடம், ஆட்கள், அன்றாட நிகழ்ச்சிகள் என்று பெரிய காரியம். பூசையை நான்கு தெருவுக்கு அனுப்ப அது எதற்கு?

என் சி.பி. நண்பர்களுக்கும் ஒரு சொல். பஜனைக்கும் பிரசங்கத்துக்கும் நம் இடத்தை ஏன் கொடுக்க வேண்டும் என்று கேட்கிறீர்கள். உங்கள் எரிச்சல் எனக்குப் புரிகிறது. ஆனால், இந்த ஊரில் முதலில் வானொலி ஒலிபரப்பியவர்கள் நம்மைப் போன்ற ஆர்வலர்கள்தான். 1924இல் மெட்ராஸ் பிரெசிடென்சி ரேடியோ கிளப் சொந்த முயற்சியில் ஒலிபரப்பியது. 1927இல் பணமில்லாமல் நின்றது. அந்தக் கருவியை வைத்து 1930இல் மாநகராட்சி ஊருக்கெல்லாம் பாட்டு கேட்க வைத்தது. பெட்டியில் பூட்டி வைக்காமல் அவர்கள் கொடுத்துவிட்டுப் போனார்கள். நாமும் மூன்று சேனலைக் கொடுத்தால் குறைந்துபோக மாட்டோம்.

இதே ஊரிலிருந்து இன்னொன்றும் உச்ச நீதிமன்றம்வரை போனது. மாதவரம் நெடுஞ்சாலையில் கே.கே.ஆர். மெஜஸ்டிக் காலனிக் குடியிருப்போர், ஒரு கிறிஸ்தவ சபையின் ஒலிபெருக்கிச் சத்தம் தாங்காமல் தொடுத்த வழக்கு அது. பிறர் அமைதியைக் கெடுத்து வழிபடும்படி எந்த மதமும் சொல்லவில்லை என்று 2000 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. அதற்குப் பிறகும் கூம்பு ஒலிபெருக்கிகள் போய்விடவில்லை. வெளியே வைப்பவரைக் கேட்டால், வர முடியாதவர்களுக்காகத்தான் வைக்கிறோம் என்கிறார். அது உண்மையும்கூட. வர முடியாதவரின் தலையணைப் பக்கத்தில் ஒரு சிறு ரேடியோ இருந்தால், தேர்வுக்குப் படிக்கும் பக்கத்து வீட்டுப் பெண்ணின் காதுக்கும் நிம்மதி.

2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் தெருவில் மின்சாரமும் இல்லை, கைப்பேசியும் இல்லை. எந்தப் பக்கம் தண்ணீர் ஏறுகிறது என்று ஆள் ஆளாகக் கூவித்தான் தெரிந்துகொண்டோம். கார் பேட்டரியில் ஓடும் ஒரு கருவி அன்றைக்கு எங்கள் கோயில் கோபுரத்தில் இருந்து, கேட்கும் ரேடியோக்கள் வீடுகளில் இருந்திருந்தால் எவ்வளவு உதவியிருக்கும் என்று இன்றும் நினைக்கிறேன்.

எனவே, சென்னையில் ஒரு தேவாலயம், ஒரு கோயில், ஒரு பள்ளிவாசல் ஆகிய மூன்றிலும் ஆறு மாதச் சோதனைக்கு அனுமதி தாருங்கள். குறுக்கீடு எங்கே, எந்த நேரத்தில், எவ்வளவு என்று நாள்தோறும் குறித்து உங்களுக்கு அனுப்பும் வேலையைச் சம்பளமில்லாமல் செய்ய நான் தயார். கேட்டுச் சொல்வதற்கு அம்மாவும் இருக்கிறார்.

இப்படிக்கு,
சி.பி. ஆர்வலர் ஒருவர்
மந்தைவெளி, சென்னை